பொக்கு எது, பருப்பு எது?

ஆடித் தள்ளுபடியில் புடவை எடுக்கிற பெண்மணியைக் கவனித்திருக்கிறீர்களா? முந்தானையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடிப்பார். ஓரத்தைக் கசக்கிப் பார்ப்பார். "சாயம் போகாதே?" என்று மூன்று தரம் கேட்பார். முந்நூறு ரூபாய் சமாசாரத்துக்கு முக்கால் மணி நேரம்!

அதே வீட்டு ஆண்பிள்ளை, ஷேர் மார்க்கெட் சரிந்த அன்று, ஆபீஸ் கேன்டீனில் டீ ஆறுவதற்குள் முப்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு பங்கை வாங்கிப் போட்டுவிட்டு, "செம சீப்பு மச்சி!" என்கிறார். எப்படி சீப்பு என்று கேட்டால், "முன்ன நூத்தம்பது இருந்துது, இப்ப பதினஞ்சு" என்று பதில் வருகிறது.

அதாவது, விலை இறங்கியதே மலிவு என்பதற்கு அத்தாட்சியாம்! எங்கள் வீட்டுப் பழைய கிரைண்டர்கூட வாங்கின நாளைவிட இப்போது மலிவுதான். ஓடாது, அவ்வளவே.

மார்க்கெட் படுத்துக் கிடக்கும்போது நிஜமாகவே மலிவான பங்கையும், மலிவு மாதிரித் தெரிகிற ஓட்டைப் பங்கையும் பிரித்துப் பார்ப்பது எப்படி? இந்த வாரம் அதுதான் விஷயம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து மாசம் இரண்டாயிரம், மூவாயிரம் போடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு இதில் ஏமாந்தால் போவது வெறும் பணமல்ல. தங்கை கல்யாணம், பையன் ஸ்கூல் பீஸ், மனை வாங்கக் கட்டிய அட்வான்ஸ் எல்லாம் சேர்ந்தேதான் போகும்.

இதை எழுதத் தூண்டியவர் திண்டிவனத்துத் தம்பி ஒருவர். கணக்குப் பிரிவில் வேலை. விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறினால் திண்டிவனம் வருவதற்குள் இந்தியப் பொருளாதாரத்தையே சரிசெய்து விடுவார். சமீபத்தில் ரயிலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, மார்க்கெட் எறங்கும்போது வாங்கினாதான் காசு. நகையை வச்சு மூணு லட்சம் எடுக்கலாம்னு இருக்கேன். பாதி விலையில கெடக்கற ஷேரா பாத்து ஒண்ணு சொல்லுங்கண்ணே."

"நகை யாரோடது தம்பி?"

"வீட்டுல அவங்களோடது."

"அவங்ககிட்ட கேட்டாச்சா?"

"அவங்ககிட்ட கேக்க முடியாதுன்னுதாண்ணே உங்ககிட்ட கேக்கறேன்!"

மயிலம் ஸ்டேஷன் வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் அவர் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொல்கிறேன்.

மல்லாட்டை வியாபாரியின் விரல்

வேர்க்கடலையை எங்கள் ஜில்லாவில் மல்லாட்டை என்போம். சீசனில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போனால் குவியல் குவியலாகக் கிடக்கும். வியாபாரி ஒருவர் வருவார். ஒரு கை அள்ளுவார். நாலு காயை இரண்டு விரலால் நசுக்குவார். பருப்பு திரண்டு இருக்கிறதா, சூம்பியிருக்கிறதா, அல்லது ஒன்றுமே இல்லாத பொக்கா என்று பார்த்த பிறகுதான் விலை எழுதுவார்.

ஒரு குவியலின் விலை குறைய இரண்டு காரணம் உண்டு. ஒன்று, அன்றைக்கு வரத்து அதிகம். சுற்றுவட்டார மூட்டையெல்லாம் ஒரே நாளில் வந்து இறங்கினால் நல்ல காய்க்கும் விலை படுத்துவிடும். இரண்டு, குவியலே பொக்கு. முதல் காரணத்தால் விலை குறைந்ததை வாங்கினவர் பிழைத்தார். இரண்டாவதை வாங்கினவர் செக்கில் போட்டால் தோல்தான் மிஞ்சும்.

ஷேர் மார்க்கெட்டும் அப்படித்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. இங்கே நாலு காயை நசுக்கிப் பார்க்கிற ஆள் குறைவு.

வரத்து அதிகமான நாள்

2020 மார்ச் 23 நினைவிருக்கிறதா? கொரோனா பயத்தில் சென்செக்ஸ் அந்த ஒரே நாளில் 3,935 புள்ளி விழுந்து 25,981-இல் முடிந்தது. அதே ஆண்டு ஜனவரியில் அது 42,273-ஐத் தொட்டிருந்தது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் அந்த மார்ச் மாதத்தில் மட்டும் விற்று வெளியே எடுத்த பணம் 60,000 கோடி ரூபாய்க்கு மேல்.

இப்படி விற்றவர்கள் ஒவ்வொரு கம்பெனியின் கணக்கையும் படித்துப் பார்த்தா விற்றார்கள்? இல்லை. அவர்களுக்கு அவசரமாய்ப் பணம் வேண்டியிருந்தது. கடன் வாங்கி ஷேர் வைத்திருந்தவரை புரோக்கர் நெருக்கினார். பண்டு நடத்துகிறவரை முதலீட்டாளர் நெருக்கினார். கையில் எது இருந்ததோ அது விற்பனைக்கு வந்தது. நல்லதும் பொக்கும் ஒரே குவியலில்!

இந்த மாதிரி நாளில்தான் உண்மையான மலிவு கிடைக்கும். போலி மலிவும் அதே இடத்தில், அதே விலைப் பட்டியலில் பக்கத்திலேயே கிடக்கும். ஆளுக்கு ஆள் பொதுவாகச் சொல்லாமல், நம் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு ஜோடியைக் காட்டுகிறேன்.

ஒரே ஊர், இரண்டு வங்கி

கரூரில் பிறந்த வங்கிகள் இரண்டு. 1916-இல் தொடங்கியது கரூர் வைஸ்யா வங்கி. 1926-இல் தொடங்கியது லட்சுமி விலாஸ் வங்கி. இரண்டும் வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்து வளர்ந்தவை. இரண்டின் ஷேரையும் குடும்பச் சொத்து மாதிரி பீரோவில் வைத்திருந்தவர்கள் உண்டு.

2020 மார்ச் சரிவில் கரூர் வைஸ்யா ஷேர் 20 ரூபாயைச் சுற்றிக் கிடந்தது. 2017-இல் 150 ரூபாய்க்கு மேல் விற்ற லட்சுமி விலாஸ் ஷேர் பத்துப் பதினைந்து ரூபாயில் கிடந்தது. கேன்டீன் கணக்குப்படி பார்த்தால், "ரெண்டாவதுதான் சூப்பர் சீப்பு!"

இப்போது காயை நசுக்கிப் பார்ப்போம். 2020 மார்ச் 31-ஆம் தேதிக் கணக்கு அந்த ஆண்டின் நடுவிலேயே ஊரறிய வெளியாகிவிட்டது. ரகசியம் ஒன்றும் இல்லை.

முதல் காய், வாராக் கடன். கொடுத்த கடனில் நூற்றுக்கு எவ்வளவு நின்றுபோனது? கரூர் வைஸ்யாவில் 8.68. இதுவே அதிகம்தான், மார்க்கெட் பயந்ததில் நியாயம் உண்டு. லட்சுமி விலாஸில் 25.39. நாலில் ஒரு ரூபாய் திரும்பவில்லை!

இரண்டாவது காய், மூலதனம். வங்கி கொடுத்த கடன்களை ரிஸ்க்குக்குத் தக்கபடி எடை போட்டு, அதில் நூறு ரூபாய்க்குச் சொந்தப் பணம் எத்தனை ரூபாய் என்று பார்க்கிற கணக்கு இது. கடன் வசூலாகாமல் அடி விழுந்தால் முதலில் தாங்குகிற மெத்தை இதுதான். ரிசர்வ் வங்கி கேட்பது குறைந்தபட்சம் 9; கூடுதல் பாதுகாப்பையும் சேர்த்தால் அப்போது ஏறக்குறைய 11. கரூர் வைஸ்யாவிடம் இருந்தது 17.17. லட்சுமி விலாஸிடம் இருந்தது 1.12. அதே செப்டம்பரில் அது பூஜ்யத்துக்கும் கீழே போயிற்று.

மூன்றாவது காய், லாபம். 2019-20-இல் கரூர் வைஸ்யாவுக்கு 235 கோடி ரூபாய் லாபம். பெரிய லாபம் இல்லை, ஆனால் லாபம். லட்சுமி விலாஸுக்கு 836 கோடி நஷ்டம். அதுவும் தொடர்ந்து மூன்றாவது வருஷ நஷ்டம்.

போதாதற்கு, 2019 செப்டம்பரிலேயே லட்சுமி விலாஸைத் திருத்த நடவடிக்கைப் பட்டியலில் ரிசர்வ் வங்கி சேர்த்துவிட்டது. அடுத்த மாதமே, இந்தியாபுல்ஸ் ஹவுசிங் பைனான்ஸோடு இணைகிற திட்டத்துக்கும் அனுமதி மறுத்தது. நம் தெருவில் ஒரு வீட்டு வாசலில் 'அபாயம்' என்று போர்டு மாட்டினால் உள்ளே போவோமா? இங்கே போனார்கள். "பதினஞ்சு ரூபாதானே, இதுக்கு மேல எங்க எறங்கப் போகுது?" என்றார்கள்.

பதினைந்துக்குக் கீழே எத்தனை படி உண்டு என்பது நவம்பரில் தெரிந்தது. 2020 நவம்பர் 17 அன்று வங்கி முடக்கப்பட்டது. டெபாசிட்காரர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று உத்தரவு. நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. டெபாசிட்காரர்களின் பணம் முழுசாய்ப் பிழைத்தது. பங்குதாரர்களுக்கு? மொத்தப் பங்கு மூலதனமும் ரத்து. பதினைந்து ரூபாய்க்கு வாங்கினவருக்கும் நூற்றைம்பதுக்கு வாங்கினவருக்கும் ஒரே நீதி. கோவிந்தா!

இதில் வேடிக்கை, அல்லது வேதனை, என்னவென்றால் அதே நவம்பரில்தான் சென்செக்ஸ் பழைய உச்சத்தைத் தாண்டியது. மார்க்கெட் மொத்தமும் எழுந்து உட்கார்ந்த மாதத்தில் இந்த ஒரு ஷேர் மட்டும் இல்லாமலே போய்விட்டது. 'மார்க்கெட் எழுந்தால் எல்லாம் எழும்' என்கிறவர்கள் இதை டைரியில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

கரூர் வைஸ்யா என்ன ஆயிற்று? 2020 மார்ச்சில், வங்கியின் சொத்தில் கொடுக்க வேண்டியதையெல்லாம் கழித்து ஒரு ஷேருக்குப் பங்கு போட்டால் எண்பது ரூபாய்க்கு மேல் வந்தது. மார்க்கெட் கேட்டதோ இருபது ரூபாய். 2023-24-இல் லாபம் 1,605 கோடி ஆனது. ஷேர் 2024-இல் 200 ரூபாயைத் தாண்டியது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பத்து மடங்கு ஆகும் என்று 2020-இல் எவருக்கும் தெரிந்திருக்க முடியாது. அப்படிச் சொல்கிறவர் ஜோசியர். அன்றைக்குத் தெரிந்திருக்கக் கூடியது ஒன்றுதான்: இரண்டு பேருக்கும் ஜுரம், ஆனால் ஒருவருக்கு உடம்பில் தெம்பு இருந்தது, மற்றவருக்கு இல்லை. பிரச்னையே இல்லாத கம்பெனி மலிவாய்க் கிடைக்காது ஸார். பிரச்னையைத் தாங்குகிற தெம்புள்ள கம்பெனி, ஊரே பயந்த நாளில் மலிவாய்க் கிடைக்கும். இதுதான் சூட்சுமம்.

இன்னொன்று. அடிமட்ட விலையில் பிடிக்கத் தவறினவருக்கும் நேரம் இருந்தது. கணக்கு வெளியான பிறகும், ஜூலையில்கூட, கரூர் வைஸ்யா 40 ரூபாய்க்குள்தான் கிடைத்தது. நிதானமாகப் படித்துவிட்டு வாங்கினவர் ஒன்றும் கெட்டுப் போகவில்லை.

(இது பழைய கதை. இன்றைக்கு இந்த ஷேரை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்!)

நீங்கள் நசுக்க வேண்டிய காய்கள்

வங்கி அல்லாத கம்பெனி என்றால் எதைப் பார்ப்பது? நாலே நாலு கேள்வி.

ஒன்று: விலை ஏன் இறங்கியது? மார்க்கெட்டே இறங்கியதால் இதுவும் இறங்கியதா, அல்லது மற்றதெல்லாம் நிற்கும்போது இது மட்டும் சரிந்ததா? இரண்டாவது என்றால், காரணம் தெரியும்வரை பேனாவை மூடி வையுங்கள்.

இரண்டு: கடன் எவ்வளவு? வட்டி கட்டவே லாபம் போதாத கம்பெனிக்கு, வியாபாரம் ஆறு மாசம் படுத்தால் ஆயுசு முடிந்தது. லாபம் வட்டியைப்போல் நாலைந்து மடங்கு இருந்தால் மூச்சு விடலாம்.

மூன்று: முதலாளி தன் ஷேரை அடமானம் வைத்திருக்கிறாரா? அடமானம் இருந்தால், விலை இறங்க இறங்கக் கடன் கொடுத்தவர் அந்த ஷேரை விற்பார். அதனால் விலை இன்னும் இறங்கும். அதனால் இன்னும் விற்பார். மாடிப்படியில் உருண்ட தேங்காய் மாதிரி, அது நடுவில் நிற்காது.

நாலு: இந்த லாபம் நிலையானதா, ஒரு வருஷத்து அதிர்ஷ்டமா? சர்க்கரை, சிமென்ட், இரும்பு மாதிரித் தொழில்களில் இது முக்கியம். விலைக்கும் லாபத்துக்கும் உள்ள விகிதத்தை 'பி.இ.' என்பார்கள். வருஷம் 2 லட்சம் லாபம் தருகிற பஸ் ஸ்டாண்டு டீக்கடையை 12 லட்சத்துக்குக் கொடுத்தால் பி.இ. ஆறு. மலிவு! ஆனால் கடைக்காரர் ஏன் விற்கிறார்? மகள் கல்யாண அவசரம் என்றால் உங்களுக்கு யோகம். அடுத்த வருஷம் பஸ் ஸ்டாண்டே ஊருக்கு வெளியே போகிறது என்பது அவருக்குத் தெரியும் என்றால்? போன வருஷ லாபத்தை வைத்து நீங்கள் கடை வாங்குகிறீர்கள். டீ குடிக்க ஆள் வராது. ஆலைத் தொழில்களில் லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பி.இ. ரொம்பக் குறைவாய்த் தெரியும். அங்கேதான் பலர் வழுக்கி விழுவது.

நம் அப்பாக்கள் காலத்தில் கம்பெனியின் ஆண்டறிக்கை ஷேர் வைத்திருப்பவருக்குத் தபாலில் வந்தால் உண்டு. இன்றைக்கு மும்பை பங்குச் சந்தை, தேசிய பங்குச் சந்தை இரண்டின் இணையதளத்திலும் ஆண்டறிக்கை, காலாண்டுக் கணக்கு, அடமான விவரம் எல்லாம் இலவசம். திண்டிவனத்திலிருந்து தாம்பரம் போகிற நேரத்தில் ஒரு கம்பெனியைப் படித்து முடித்துவிடலாம். ரீல்ஸ் பார்க்கிறவருக்குத்தான் நேரமில்லை.

கணக்கே பொய்யாக இருந்தால்? நியாயமான கேள்வி. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கணக்கில் இல்லாத பணம் 5,040 கோடி இருப்பதாகக் காட்டியது 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரின் கடிதத்தாலேயே வெளிவந்தது. ஷேர் அன்றைக்கே நாலில் ஒரு பங்குக்கும் கீழே போனது. அதனால்தான் எவ்வளவு நசுக்கிப் பார்த்தாலும் எல்லாப் பணத்தையும் ஒரே குவியலில் போடக்கூடாது. பெஞ்சமின் கிரஹாம் என்ற அமெரிக்க ஆசாமி, 1929 சரிவில் கையைச் சுட்டுக்கொண்டபின் இதையே ஒரு தத்துவமாக ஆக்கினார். மதிப்பு நூறு என்று கணக்கு வந்தால் அறுபது, அறுபத்தைந்துக்கு வாங்கு; உன் கணக்கு தப்பாயிருந்தாலும் அடி கம்மி என்பது அதன் சாரம். ஆறு மணி பாசஞ்சருக்கு ஐந்தரைக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறோமே, அந்த மாதிரி.

எவ்வளவு காலம் காத்திருப்பது?

2020-இல் விழுந்தது எட்டே மாதத்தில் மீண்டுவிட்டது. அதைப் பார்த்த தலைமுறைக்கு, விழுந்தால் உடனே எழும் என்று ஒரு நம்பிக்கை. 2024 செப்டம்பரில் 85,978-ஐத் தொட்ட சென்செக்ஸ், 2025 ஏப்ரல் 7 அன்று நடுப்பகலுக்குள் 71,425 வரை போய் வந்தபோதும் அதே நம்பிக்கை.

பழைய கணக்கையும் கொஞ்சம் கேளுங்கள். ஹர்ஷத் மேத்தா காலத்தில், 1992 ஏப்ரலில், சென்செக்ஸ் 4,467. அது 5,000-ஐத் தொட்டது எப்போது தெரியுமா? 1999 அக்டோபரில். ஏழரை வருஷம்! 2008 ஜனவரியில் 21,206-இல் இருந்தது, அதே அக்டோபரில் 7,697 வரை இறங்கியது. நிதானமாக அந்த உச்சத்தை விட்டு மேலேற 2013 கடைசி ஆயிற்று.

இப்போது திண்டிவனத்துத் தம்பியின் நகைக்கு வருவோம். மூன்று லட்சத்துக்கு மாசம் ஒரு வட்டி என்றே வைத்துக்கொள்வோம். மாசம் மூவாயிரம். ஏழு வருஷம் காத்திருக்க நேர்ந்தால் வட்டி மட்டும் 2,52,000 ரூபாய். ஷேர் மலிவாகவே இருக்கட்டும், நீங்கள் தேர்ந்தெடுத்தது முத்தாகவே இருக்கட்டும். அது மதிப்பைக் காட்டுவதற்கு முன்னால் நகை ஏலத்துக்குப் போகும். 2020 மார்ச்சில் நல்ல ஷேரையும் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டவர்களில் கடன்காரர்கள் எத்தனையோ பேர். கடன் வாங்கி வாங்குகிறவர், அடுத்த சரிவில் இன்னொருவருக்கு மலிவு விலையில் விற்கப் போகிறவர். இதுதான் விதி.

அதைவிட வேகமாய்ப் போக வேண்டும் என்று எப் அண்ட் ஓ பக்கம் பார்க்கிறவர்களுக்கு: 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருஷக் கணக்கை செபி எடுத்தது. தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். மிச்ச ஏழு பேரில் நாம் ஒருவர் என்று தொண்ணூற்று மூன்று பேருமே நினைத்திருப்பார்கள்!

திண்டிவனம் வந்தபோது தம்பியிடம் சொன்னது இதுதான். ஆறு மாசச் செலவுக்குப் பணம் பாங்கில் இருக்கட்டும். அதற்கு மேல், ஐந்து வருஷத்துக்குத் தொடத் தேவையில்லாத பணம் எவ்வளவோ, அதை மட்டும் எடுங்கள். அதையும் நாலைந்து கம்பெனியில், நாலைந்து தவணையாகப் பிரித்துப் போடுங்கள். கணக்குப் படிக்கச் சோம்பலா? இண்டெக்ஸ் பண்டில் மாசாமாசம் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

"அப்படிப் பாத்தா எங்கிட்ட நாப்பதாயிரம்தான் தேறும்ணே" என்றார் தம்பி, முகம் சுண்டிப்போய்.

"நாப்பதாயிரத்துக்கு நாலு ஆண்டறிக்கை படிக்கப் பழகிக்கிட்டா, நாப்பது லட்சம் சேரும்போது கை நடுங்காது" என்றேன்.

யோசித்தபடி இறங்கினார். இரண்டு நாள் கழித்து போன். "அண்ணே, ஒரு கம்பெனி பாத்து வச்சேன். பாதி விலை. ஆனா முதலாளி தன் ஷேர்ல முக்கால்வாசி அடகு வச்சிருக்காரு. விட்டுட்டேன்."

"பேஷ்! அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லண்ணே. இவ்ளோ பெரிய முதலாளியே அடகு வச்சு மாட்டிக்கிட்டாரு, நம்ம எம்மாத்திரம்னு தோணிச்சு. நகைப் பேச்சை வீட்டுல எடுக்கல."

முதல் காயை நசுக்கிப் பார்த்துவிட்டார். விரல் பழகிவிட்டால் அப்புறம் மார்க்கெட் எத்தனை தரம் விழுந்தால் என்ன?